ஹீலா செல்கள் சாக மறுத்த ஒன்றரை மாதம்

ஹீலா என்ற புற்றுநோய் செல்களை வளர்த்து மருந்து போட்ட மூன்றாவது பிளேட்டும் (குழி குழியாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டு) ஊதாவாகவே வந்தது. மருந்தே போடாத வரிசையும் ஊதா, அதிகபட்ச அளவு மருந்து போட்ட வரிசையும் கிட்டத்தட்ட அதே ஊதா. எம்டிடி சோதனையில் ஊதா என்றால் செல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சளாக இருக்கும் எம்டிடி என்ற சாயத்தை ஊதாநிற ஃபார்மசான் படிகமாக மாற்றுவது உயிருள்ள செல்லின் நொதிகள்தான். செத்த செல்லுக்கு அது முடியாது. நான் போட்டது பெயர் தெரியாத ஏதோ சாறும் இல்லை, சிஸ்பிளாட்டின். 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்றுவரை நோயாளிகளுக்கு ஏற்றப்படும் புற்றுநோய் மருந்து. அதுவே வேலை செய்யவில்லை என்றால் கோளாறு என் கையில்தான் இருக்க வேண்டும்.

ஆய்வில் சேர்ந்த புதிது. ஒரு தாவரச் சேர்மம் புற்றுநோய் செல்களை என்ன செய்கிறது என்று பார்ப்பது என் வேலை. "அதுக்கு முன்னாடி, தெரிஞ்ச மருந்து ஒண்ணை வச்சு ஐசி50 எடுத்துக் காட்டு" என்றார் வழிகாட்டி. உயிருள்ள செல்களின் அளவீட்டைப் பாதியாகக் குறைக்கும் மருந்துச் செறிவுதான் ஐசி50. ஒரு வாரத்து வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பிளேட் சொதப்பியதற்குக் காரணம் எனக்கே தெரியும். எம்டிடி போட்டு நான்கு மணி நேரம் கழித்து மீடியத்தை, அதாவது செல் வளரும் திரவத்தை, உறிஞ்சி எடுக்கும்போது, அடியில் ஊசி ஊசியாகப் படிந்திருந்த படிகங்களையும் சேர்த்து உறிஞ்சிவிட்டேன். இரண்டாவதில் கை பழகிவிட்டது, ஆனால் ஓரக் குழிகளின் எண்கள் தாறுமாறாக வந்தன. 37 டிகிரியில் இரண்டு நாள் இருக்கும்போது ஓரக் குழிகளில் நீர் ஆவியாகி, உள்ளே இருப்பவை எல்லாம் அடர்ந்துவிடும். அதனால் பிளேட்டின் 96 குழிகளில் ஓரத்து 36-இல் வெறும் பஃபரை (உப்புக் கரைசல்) ஊற்றிவிட்டு, நடுவில் இருக்கும் 60-ஐ மட்டும் பயன்படுத்துவார்கள். இதையும் சரிசெய்துதான் மூன்றாவது பிளேட் போட்டேன். எண்கள் அழகாக ஒன்றுபோல வந்தன. செல்தான் சாகவில்லை.

சந்தேகம் செல் மேல் திரும்பியது. முதலில் மைக்கோபிளாஸ்மா. செல்சுவரே இல்லாத குட்டி பாக்டீரியா அது. பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது, மீடியமும் கலங்காது, ஆனால் எம்டிடி கணக்கைக் கெடுத்துவிடும். டிஎன்ஏ சாயம் போட்டுப் பார்த்தேன். நீலநிறக் கருக்கள் மட்டும்தான் தெரிந்தன, மைக்கோபிளாஸ்மா இருந்தால் சுற்றிலும் தெரியும் புள்ளிகள் இல்லை. செல் சுத்தம்.

அடுத்து நானே ஒரு கொள்கை கட்டினேன். ஹீலா செல்கள் 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. (ஆய்வுக்கு எடுக்கிறோம் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிளாஸ்கைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது உறுத்தும்.) அந்தக் கட்டிக்குக் காரணம் எச்பிவி-18 வைரஸ். டிஎன்ஏ சேதமானால் செல்லைத் தற்கொலைக்குத் தள்ளுவது பி53 என்ற புரதம். வைரஸின் இ6 புரதம் அந்த பி53-ஐ அழிக்க வைத்துவிடுகிறது. சிஸ்பிளாட்டின் டிஎன்ஏவைத்தான் தாக்குகிறது. ஆக, பி53 இல்லாததால் செல் தப்பிக்கிறது! ஒரு நாள் முழுக்க இந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். அப்புறம் பார்த்தால், இதே மருந்து இதே ஹீலாவைக் கொன்றதாக எத்தனையோ கட்டுரைகள். பி53 ஒரு வழிதான், செல் சாக வேறு வழிகளும் உண்டு.

கடைசியில் ஆய்வகத்தில் எனக்கு மூத்த அக்கா ஒருவர், மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "மருந்தை எதுல கரைச்ச?"

"டிஎம்எஸ்ஓல அக்கா."

"போச்சு."

என் தாவரச் சேர்மம் தண்ணீரில் கரையாது, அதனால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான். அதே குறிப்பை அப்படியே சிஸ்பிளாட்டினுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். சிஸ்பிளாட்டினின் நடுவில் ஒரு பிளாட்டினம் அணு, அதில் இரண்டு குளோரைடுகள். செல்லுக்கு வெளியே குளோரைடு நிறைய இருப்பதால் அவை கழலாமல் இருக்கும். உள்ளே போனால் குளோரைடு குறைவு. அவை கழன்று, அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்காரும். அதன்பிறகுதான் பிளாட்டினம் டிஎன்ஏவின் குவானின்களைப் பிடித்து முடிச்சுப் போடும். டிஎம்எஸ்ஓவில் இருக்கும் கந்தகத்துக்குப் பிளாட்டினம் என்றால் ஆசை. குப்பியிலேயே குளோரைடைத் தள்ளிவிட்டு ஒட்டிக்கொள்கிறது. நான் மூன்று முறையும் ஊற்றியது முன்கூட்டியே முடங்கிப்போன மருந்து. வேடிக்கை என்னவென்றால், சோதனையின் கடைசிக் கட்டத்தில் ஃபார்மசானைக் கரைக்க இதே டிஎம்எஸ்ஓ புட்டிதான் வேண்டும்.

நான்காவது முறை 0.9 சதவீத உப்புநீரில், மில்லிக்கு 1 மில்லிகிராம் கணக்கில் கரைத்தேன். சட்டென்று கரையவில்லை, குப்பியைத் தாளில் சுற்றி வெளிச்சம் படாமல் வைத்து, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. குளிரில் படிகமாகிவிடும் என்பதால் ஃபிரிட்ஜிலும் வைக்கவில்லை. குழிக்கு 5,000 செல்கள், ஒட்டிக்கொள்ள ஒரு நாள், மருந்தோடு 48 மணி நேரம்.

எம்டிடி போடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தட்டையாகப் பரந்து ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் அதிக மருந்துக் குழிகளில் உருண்டு சுருங்கி, சில கழன்று மிதந்தன. சிலவற்றின் விளிம்பில் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருந்தது. பிளேட்டில் இடமிருந்து வலமாக ஊதா வெளிறிக்கொண்டே போனது. 570 நானோமீட்டரில் அளந்து வரைந்தால், சறுக்குமரம் மாதிரி வளைவு. ஐசி50 பத்து மைக்ரோமோலார் (செறிவின் அலகு) சுற்றி வந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். பார்த்துவிட்டு, "ஊதா குறைஞ்சிருக்கு, சரி. செல் செத்துக் குறைஞ்சதா, பெருகாம நின்னதால குறைஞ்சதா?" என்றார்.

எம்டிடிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. சாகத் தொடங்கிய செல்லின் வெளிச்சவ்வில் ஒட்டும் அனெக்சின் சாயத்தை வாங்கித் தரச் சொல்லி அன்று மாலையே எழுதிக்கொடுத்தேன்.