ஒதுக்கப்படுவீர்கள்

அக்காவுக்கு மனச்சிதைவு நோய் வந்து பதினாறு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப் போய் மாத்திரை வாங்கி வருவோம். போன ஆனியில் அங்கே ஒரு பெண் வந்து, ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று கேட்டார். மாத்திரை எல்லோருக்கும் வழக்கம்போல உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக வாராவாரம் ஆலோசனை. குறுவை நாற்றங்காலை அப்படியே போட்டுவிட்டு வந்த அவசரத்தில் நான் பேனாவை எடுத்தேன்.

"உங்க கையெழுத்து வேண்டாம் சார், அக்காகிட்டதான் கேட்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. ரேஷன், பேங்க் எல்லாவற்றிலும் அவளுக்காக நான்தானே அலைகிறேன்! 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நோய் இருப்பதாலேயே ஒருவரால் முடிவெடுக்க முடியாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாதாம். நிஜமாகவே முடியாதவர், மறுப்பும் காட்டாதவர் என்றால்கூட, மாநில மனநல ஆணையத்தின் அனுமதி இல்லாமல் ஆராய்ச்சியில் சேர்க்க முடியாதாம். தம்பி கையெழுத்து மட்டும் போதாது.

காலை மாத்திரையில் அக்காவுக்குக் கண் சொருகியது. "டீ குடிச்சிட்டு மத்தியானம் வாங்கக்கா" என்றார் அந்தப் பெண். அரை நாள் போச்சு.

மத்தியானம் படிவத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். 'நீங்கள் சீரற்ற முறையில் ஒரு குழுவுக்கு ஒதுக்கப்படுவீர்கள்' என்ற வரி வந்ததும் அக்கா எழுந்துவிட்டாள். "வேண்டாம் தம்பி, வா போவலாம்." சந்தேகம் மறுபடி தலைதூக்கிவிட்டது, மாத்திரை அளவைக் கூட்டச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். அந்தப் பெண் மட்டும், "எதுக்குக்கா வேண்டாம்?" என்று கேட்டார்.

"ஊர்லதான் ஒதுக்கி வச்சிருக்காங்க. இங்கயும் ஒதுக்குவீங்களா?"

எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் என் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சொல்லை வேறு எப்படிக் கேட்பாள் அவள்? இப்படித் தமிழ் எழுதுகிறவர்களை அந்தப் பெஞ்சில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும்.

அந்தப் பெண் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "குலுக்கல் சீட்டு போட்டிருக்கீங்களாக்கா? அது மாதிரிதான். யாருக்கு எந்தக் குழு விழும்னு எங்களுக்கே தெரியாது" என்றார். அக்கா உட்கார்ந்தாள்.

அப்புறம், சொன்னதெல்லாம் அக்காவுக்குப் புரிந்ததா என்று பார்க்கப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். எதற்காக இந்த ஆராய்ச்சி என்றதற்கு, அக்காவைக் குணமாக்க என்று நானே மனசுக்குள் பதில் வைத்திருந்தேன். அவள், "இந்த ஆலோசனையால பலன் இருக்கான்னு பார்க்கறாங்க" என்றாள். பாதியில் விலகினால் என்ன ஆகும் என்பதில் மட்டும் தடுமாறி, "மாத்திரை தரமாட்டீங்க" என்றாள். அது தப்பு. அந்தப் பெண் மறுபடி விளக்கி, அவள் வாயாலேயே திரும்பச் சொல்ல வைத்தார்: "நின்னுக்கிட்டாலும் மாத்திரை உண்டு."

ரத்த மாதிரி கொடுப்பது அவரவர் விருப்பம். அதற்கு அக்கா முடியாது என்றாள். "கொடுத்தா என்னக்கா?" என்று ஆரம்பித்தேன், "நீங்க சும்மா இருங்க சார்" என்று அந்தப் பெண் தடுத்துவிட்டார். அப்பாவின் இனிஷியலோடு அக்கா நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. ஆலோசனை இல்லாத குழுவாம்.

"முதல் சீட்டு நமக்கு எப்ப விழுந்திருக்கு?" என்று சொல்லிவிட்டு அக்கா முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள்.