சாவியை எடுத்த பிறகும்

பாம்பன் அருகே மண்டபம் ஊரில் காரை நிறுத்திச் சாவியை எடுத்து அரை மணி நேரமாகியும் ரேடியேட்டர் விசிறி நிற்கவில்லை.

ஓரிரு நிமிடம் சுழன்றால் இயல்புதான், எஞ்சின் சூட்டைத் தணிக்கிறது. ஆறிய எஞ்சினுக்கு எதற்கு விசிறி?

மெக்கானிக் அண்ணன் விசிறிக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சிறு சுவிட்சான ரிலேயைப் பிடுங்கினார், நின்றது. அதே வகையான ஹாரன் ரிலேயை அங்கே செருகினார், விசிறி அசையவில்லை.

"பழைய ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது தம்பி. இதிலும் ஓடியிருந்தால் வெப்ப சென்சாரைப் பார்த்திருப்பேன்."

மூடியைப் பெயர்த்துக் காட்டினார். செம்பு முழுவதும் பச்சைப் பூப்பு. உப்பு அரித்த முனை சூடேறி உருகி ஒட்டியிருக்கிறது.

1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே அரித்த காற்று இது. விரல்நுனி அளவு செம்பை விட்டுவைக்குமா?

கடலோரத்தில் பழைய கார் வாங்குகிறவர்கள் பெயின்ட்டை மட்டும் தடவிப் பார்க்கிறார்கள். ரிலேக்கள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.