நாகராஜா கோயில் தூண்ல உக்காந்திருக்குறது யாரு? ஒரு ஆவணி ஞாயிறும் சிதறால் மலையும்

ஆவணி ஞாயித்துக்கிழமை நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குள்ள கால் வைக்க இடம் கிடைக்காது, நம்ம ஊர்க்காரங்களுக்கு இத சொல்லவே வேண்டாம். எல்லார் கையிலயும் பால் பாக்கெட், மஞ்சப்பொடி. மரத்தடியில இருக்குற கல்நாகர் எல்லாம் காலையிலயே மஞ்சளும் பாலுமா குளிச்சு நிக்கும், தரை வழுக்கும், புள்ளைங்கள கையில புடிச்சுக்கிட்டே நடக்கணும். மயினி (அண்ணி) வீட்டுலேருந்தே ஒரு கத்திரிக்கோல் எடுத்துட்டு வந்திருந்தாங்க, பாக்கெட்ட பல்லால கடிச்சா எச்சில் பட்டுரும்லா அதுக்குத்தான். பக்கத்துல நின்ன நாலஞ்சு பேரு அத கடன் வாங்கி வெட்டி, கடைசில கத்திரிக்கோல் யாரு கையில போச்சுன்னே தெரியல.

மூலஸ்தானத்துக்கு இன்னைக்கும் ஓலைக்கூரைதான். எவ்வளவோ பெரிய கோயில், ஆனா நாகராஜா இருக்குற இடத்துக்கு மட்டும் ஓடும் கிடையாது கான்கிரீட்டும் கிடையாது, ஆடி மாசம் புது ஓலை வேயுவாங்க. புல்லறுத்த பொண்ணோட அருவாள் பட்டு கல்லுலேருந்து ரத்தம் வந்துச்சு, ஊர்க்காரங்க ஓலை வேஞ்சு கும்பிட ஆரம்பிச்சாங்கங்குற கதைய பாட்டிமார் வாயால கேட்டிருப்பீங்க. உள்ள எப்பவும் ஈரமா இருக்குற மண்ணுதான் பிரசாதம், ஆறு மாசம் கறுப்பா இருக்கும் ஆறு மாசம் வெள்ளையா இருக்கும்னு நம்பிக்கை. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது.

யாரும் நின்னு பாக்காதது மண்டபத்துத் தூண். கூட்டத்துல நம்மள தள்ளிட்டுப் போறப்ப அந்தத் தூணுக்குப் பக்கத்துல தான் எல்லாரும் செல்போன சைலன்ட்ல போடுவாங்க, பைய மாத்தி மாட்டுவாங்க. கொஞ்சம் குனிஞ்சு பாத்தீங்கன்னா, உடம்புல துணி இல்லாம தலைக்கு மேல பாம்பு படம் விரிச்சபடி ஒருத்தர் இருப்பாரு. எங்க வீட்டுப் பயலுக்கு ஒரே குழப்பம், "இது சிவனா, பெருமாளா?"ன்னு கேட்டான். ரெண்டும் இல்ல, அவரு பார்சுவநாதர், சமணத்தோட 23ஆவது தீர்த்தங்கரர், அதாவது வழிகாட்டுன பெரிய குருக்கள்ல ஒருத்தர். 24ஆவது ஆளான மகாவீரரும் அதே மண்டபத்துல இருக்காரு.

பார்சுவநாதருக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம்னா, சமணக் கதை இப்படிப் போகுது. ஒரு தாபசன் தீ வளத்து தவம் பண்றான், அவன் போட்ட விறகுக்கட்டைக்குள்ள ரெண்டு பாம்பு மாட்டிக்கிட்டு வேகுது, இளவரசனா இருந்த பார்சுவர் கட்டையப் பொளந்து காட்டி அதுங்க சாகுற நேரத்துல மந்திரம் சொல்லி கரையேத்துறாரு. அந்த ரெண்டும் தரணேந்திரன், பத்மாவதின்னு நாகலோகத்துல பொறக்குதுங்க. பின்னால பார்சுவர் துறவியாகி தவத்துல நிக்கிறப்ப பழைய பகையோட ஒருத்தன் புயலும் மழையுமா கொட்டுறான், தண்ணி மூக்கு வரைக்கும் ஏறுது, அப்ப தரணேந்திரன் வந்து படத்தக் குடையா விரிச்சு காப்பாத்துறான். இத தெரிஞ்சுட்டு திரும்ப மூலஸ்தான வாசலப் பாருங்க, துவாரபாலகர் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு நாகம் காவல் நிக்குது. அது தரணேந்திரனும் பத்மாவதியும்தான்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்லுறாங்க. எனக்கு அங்கயே ஒரு மாதிரி ஆயிருச்சு, இத்தனை வருஷம் விழுந்து கும்பிட்டும் யாரக் கும்பிடுறோம்னு பாதிதான் தெரிஞ்சிருக்கு.

இன்னும் பெருசு கல்வெட்டு. பள்ளிக்கூடத்துல நாம படிச்சது என்ன, ஏழாம் நூற்றாண்டுல சம்பந்தர் வந்தாரு, பாண்டியன் மதம் மாறினான், சமணம் முடிஞ்சுது, அடுத்த பாடம். இங்க வந்தா 16ஆம் நூற்றாண்டுல, 1521 வாக்குல கூட, கமலவாகன பண்டிதர் குணவீர பண்டிதர்னு ரெண்டு சமணப் பெரியவங்க இந்தக் கோயில் பொறுப்புல இருக்காங்க, இந்தப் பக்கத்த ஆண்ட வேணாட்டு ராஜா காலத்துல கோயிலுக்கு நிலம் எழுதி வைக்கிறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, பாடப்புத்தகம் முடிச்சு வச்சு 900 வருஷம் கழிச்சு! யாரு யார இடிச்சாங்க யாரு யார விரட்டுனாங்கன்னு இன்னைக்கு சண்டை போடுறவங்க, ஒரு தடவை இந்தத் தூண்கிட்ட வந்து நிக்கலாம். நாகர் ஒரு பக்கம், அனந்தகிருஷ்ணர் ஒரு பக்கம், தை மாசத் தேர் ஒரு பக்கம், தூண்ல தீர்த்தங்கரர், எல்லாம் ஒரே மதிலுக்குள்ள.

இதே மாதிரி சமணச் சிற்பம் இருக்குற மலை சிதறால், அன்னைக்கு சாயங்காலமே அங்க போயிரலாம்னு நாந்தான் சொன்னேன், மயினிக்கு கால்வலி, இருந்தாலும் "பகவதி கோயில்னா வாறேன் மக்கா"ன்னு கிளம்பிட்டாங்க. மார்த்தாண்டம் போயி அங்கேருந்து ஏழு கிலோமீட்டர் போல. அடிவாரத்துலேருந்து கல்லு பாவுன பாதை இருக்கு, ரெண்டு பக்கமும் மரம், ஏத்தம் ரொம்ப இல்ல ஆனா நீளம், மேல போகப்போக காத்து அள்ளும். கடை கிடையாது, தண்ணி கொண்டு போங்க.

பழைய பேரு திருச்சாரணத்துமலை. கல்லுக்கு நடுவுல ஒரு இடுக்கு வழியா குனிஞ்சு உள்ள போனதும் பெரிய பாறை மேலேருந்து கூரை மாதிரி சாய்ஞ்சு நிக்குது, அந்தப் பாறை முகத்துல வரிசையா தீர்த்தங்கரர்கள், முக்குடைக்கு, அதாவது மூணு அடுக்குக் குடைக்குக் கீழ உக்காந்திருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ வட்டெழுத்துல (பழைய தமிழ் எழுத்து) செய்ய வச்சவங்க பேரு. அச்சணந்தின்னு ஒரு பேரு, இதே அச்சணந்தி மதுரை ஆனைமலையிலயும் சிற்பம் செதுக்க வச்சவரு. வீரணந்தின்னு இன்னொருத்தர், திருநறுங்கொண்டையிலேருந்து வந்தவரு, அது இப்ப கள்ளக்குறிச்சி மாவட்டம். பஸ்ஸு ரயிலு இல்லாத காலத்துல, உயிர மிதிச்சிருவோமோன்னு பாத்துப் பாத்து அடி வச்சு நடக்குற சாமியாருங்க இவ்வளவு தூரம் வந்திருக்காங்க, நாம மார்த்தாண்டம் பாலத்துல டிராஃபிக்னு அலுத்துக்குறோம்.

வரிசையில ஒரு அம்மன். நின்ன கோலம், பக்கத்துல சிங்கம், கீழ ரெண்டு சின்னப் புள்ளைங்க. மயினி பாத்த ஒடனே செருப்பு போட்ட இடத்த திரும்பிப் பாத்துட்டு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "இது நம்ம முப்பந்தல் இசக்கியம்மையாக்கும்." நான் அம்பிகான்னு சொன்னேன், 22ஆவது தீர்த்தங்கரர் நேமிநாதரோட இயக்கி, அதாவது காவல் தெய்வம். துறவிக்கு சோறு போட்டதுக்காக புருஷன் வீட்ட விட்டுத் தொரத்த, ரெண்டு புள்ளையோட வெளிய வந்து உசுர விட்டு தெய்வமானவ, அந்தப் புருஷன்தான் அடுத்த பிறவியில அவளுக்கு வாகனமா சிங்கமா வந்தான்னு கதை. மயினி முழுசாக் கேட்டுட்டு, "அப்ப இசக்கிதான்"னு முடிச்சுட்டாங்க. புள்ளைய கையில வச்சுக்கிட்டு, அநியாயத்துல செத்து தெய்வமான பொண்ண நம்ம ஊர்ல வேற என்ன சொல்லுவோம், என்னால மறுத்துப் பேச முடியல.

எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சது ஒரு பேரு. குணந்தாங்கிக் குரத்திகள். சமணத்துல பெண் துறவிகள, பெண் ஆசிரியர்கள அப்படித்தான் மரியாதையா கூப்பிட்டிருக்காங்க. அரிட்டநேமி பட்டாரரோட மாணாக்கி. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால போல, இந்தப் பக்கத்த ஆண்ட ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனோட 28ஆம் ஆட்சியாண்டுல இந்த மலை பட்டாரிக்கு, அதாவது அம்மனுக்கு, பொன் நகை கொடுத்தாங்கன்னு கல்லுல இருக்கு. இன்னாரு பொண்டாட்டி, இன்னாரு மகன்னு சொல்லல பாத்துக்கோங்க, இன்னாரு மாணாக்கின்னு இருக்கு. ராஜாவ விட அந்த அம்மா பேரத்தான் நான் ரெண்டு தடவ படிச்சேன்.

பின்னால 13ஆம் நூற்றாண்டுல இது பகவதி கோயிலாயிருச்சு. மகாவீரர், பார்சுவநாதர், பகவதி மூணு பேரும் பக்கத்துப் பக்கத்து சன்னதியில. பாறைக்கு மேல ஏறுனா உடைஞ்ச செங்கல் விமானம் ஒண்ணு, பக்கத்துல ஒரு சுனை.

இறங்குறப்பவே மயினி அடுத்தது எங்கன்னு கேட்டுட்டாங்க, கால்வலிய மறந்துட்டாங்க போல. திருநந்திக்கரைன்னு சொல்லியிருக்கேன், சிவராத்திரிக்கு 12 சிவன் கோயிலுக்கும் ஓடிப் போற சிவாலய ஓட்டத்துல ஓடுறவங்க நின்னு பாக்க நேரமில்லாம தாண்டிப் போயிருற இடம். அங்க ராஜராஜ சோழனோட ஐப்பசி சதயத்துக்கு திருவிழா நடத்த முட்டம் ஊரையே எழுதி வச்ச கல்வெட்டு இருக்கு, நாம மீன் வாங்கப் போற அதே முட்டம் தான்.