12 வோல்ட் வருது பாய்

நவம்பர் 3, திங்கள்

தஞ்சாவூர் போய்விட்டுத் திருச்சி திரும்பும் வழியில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புளூடூத் ஸ்கேனரைச் செருகினால் பி0135 என்று ஓர் எரர். முதல் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்கியூட்டில் கோளாறு. லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி ஒரு மாதமாக 14க்கு இறங்கியிருந்தது. நான் மழையையும் டிராபிக்கையும் திட்டிக்கொண்டிருந்தேன். எரரை அழித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் மறுபடி அதே விளக்கு. ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து, போனில் சென்சாரின் கிராஃபைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

என் வண்டியில் இருப்பது பழைய வகை ஸிர்கோனியா சென்சார். புகையில் ஆக்சிஜன் மிச்சம் இல்லையென்றால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், மிச்சம் இருந்தால் 0.1 பக்கம் இறங்கும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் அதைப் பார்த்துத்தான் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. ஆனால் 300 டிகிரிக்கு மேல் சூடேறாமல் அது வேலையே செய்யாது. புகைச் சூட்டை மட்டும் நம்பினால் நேரமாகும் என்றுதான் உள்ளேயே ஒரு ஹீட்டர். நல்ல நிலையில் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் கோடு மேலும் கீழும் ஆடத் தொடங்கிவிடும். என்னுடையது 0.45இல் நான்கு நிமிடம் அசையாமல் படுத்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஆடியது.

சென்சார் நன்றாக இருக்கிறது, சூடு மட்டும் வரவில்லை. இதை அன்றைக்கே ஒழுங்காக யோசித்திருக்கலாம்.

நவம்பர் 6, வியாழன்

யோசிக்கவில்லை. புது சென்சார் 3,400 ரூபாய். பழையதைக் கழற்ற 22ஆம் நம்பர் ஸ்பேனரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன், முழங்கையில் ஒரு சூடு வேறு. எரரை அழித்ததும் விளக்கு அணைந்தது. வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 8, சனி

பி0135.

பழைய சென்சாரில் ஹீட்டருக்குப் போகும் இரண்டு வெள்ளை ஒயர்களுக்கு நடுவே மீட்டர் வைத்தேன். 6.1 ஓம். புதியதில் 5.8. இரண்டு ஹீட்டரும் நல்லதுதான். ஆக, 3,400 ரூபாய் கொடுத்து 0.3 ஓம் வாங்கியிருக்கிறேன்.

சென்சாரை வண்டி ஒயரோடு இணைக்கும் கப்ளரைப் பிரித்துச் சாவியை ஆன் செய்தேன். வண்டிப் பக்கத்து ஹீட்டர் பின்னில் 12.4 வோல்ட் அழகாக வருகிறது. ஃப்யூஸ் நல்லது. ஈசிஎம் எர்த் கொடுக்கும் ஒயரும் அறுந்திருக்கவில்லை. எல்லாம் சரி என்றால் ஈசிஎம்தான் போய்விட்டது. அதன் விலையைக் கேட்டதும் ராத்திரி தூக்கம் போனது.

நவம்பர் 9, ஞாயிறு

ஒயரிங் வேலை பார்க்கும் பாயிடம் போனேன். நாற்பது வருஷ அனுபவம், கண்ணாடியில் ஒரு காது நூலால் கட்டியது.

“12 வோல்ட் வருது பாய்” என்றேன்.

“மீட்டருக்கு வருது. ஹீட்டருக்கு வருதான்னு பார்த்தீங்களா தம்பி?”

ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பை எடுத்தார், 21 வாட். ஹோல்டரில் இரண்டு ஒயர். ஒன்றைக் கப்ளர் பின்னிலும் மற்றதைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தார். பல்ப் பிரகாசமாக எரிந்திருக்க வேண்டும். அகல் விளக்கின் கடைசித் திரி போலச் செவசெவ என்று மினுக்கியது, அவ்வளவுதான். எரியும்போதே அதே பின்னில் மீட்டரை வைக்கச் சொன்னார். 4.9 வோல்ட்.

புரிந்துவிட்டது. மீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். இருபது இழையில் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டும். ஹீட்டர் கேட்பதோ ஒன்றிரண்டு ஆம்பியர். சுமை ஏறியதும் மிச்ச ஏழரை வோல்ட் வழியிலேயே எங்கோ தங்கிவிடுகிறது.

எங்கே என்பதைத் தேடத்தான் நேரமானது. பல்பை எரியவிட்டுப் பின்னூசியால் ஒயரைக் குத்திக் குத்திப் பின்னோக்கிப் போனார். கப்ளருக்கு ஒரு சாண் முன்னால் 4.9. பேட்டரி ட்ரே ஓரத்தில் 4.9. ட்ரேயைத் தாண்டியதும் 12.1. நடுவில் ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, பசை உருகிப் பிசுபிசுத்தபடி.

பிரித்தார். முறுக்கிவிட்ட செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. இரண்டு இழைதான் மிச்சம், தொட்டதும் அதில் ஒன்றும் உடைந்தது.

“எவன் தம்பி இப்படி முறுக்கி வெச்சது?”

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் எலி கடித்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் இல்லை. முறுக்கி டேப் சுற்றியவன் நான்தான். அப்புறம் இன்ஜின் மேல் புகையிலை கட்டித் தொங்கவிட்டதுகூட ஞாபகம் இருக்கிறது, இந்த முறுக்கு மட்டும் மறந்துவிட்டது. சொன்னேன். பாய் ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிவரச் சொன்னார்.

களிம்பு ஏறிய இடத்தை வெட்டியெறிந்து, புது ஒயர் இணைத்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினார். சென்சார் பக்கத்து ஒயரில் மட்டும் ஈயம் வைக்கக் கூடாதாம். சென்சார் ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும், பல சென்சார்களில் அது ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஈயம் அதை அடைத்துவிடும்.

பல்ப் இப்போது கண் கூசியது. கூலி 250 ரூபாய்.

நவம்பர் 10, திங்கள்

காலை, ஆறிய வண்டி. நாற்பதாவது விநாடியில் கோடு ஆடத் தொடங்கியது. இரண்டு தடவை ஆஃப் செய்து, ஆறவிட்டுப் பார்த்தேன். அப்படியேதான்.

நவம்பர் 16, ஞாயிறு

விளக்கு வரவில்லை. டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டால் 16.6. பழைய சென்சாரைப் பேப்பரில் சுற்றி, மேலே மார்க்கரில் ‘நல்லது’ என்று எழுதி டூல்ஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன்.