பிறப்பு குறைந்தும் மக்கள்தொகை ஏன் பெருகிக்கொண்டே போகிறது?

ஒரு நாட்டின் வயதுப் பிரமிடு, அதாவது எந்த வயதில் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் என்று பட்டைகளாகக் காட்டும் வரைபடம், கையில் கிடைத்தால் என் கண் முதலில் போவது இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுவரை உள்ள பெண்களின் பட்டைகளுக்குத்தான். அடுத்த பத்து வருடத்துக் குழந்தைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் என்ற அளவுக்குக் கீழே போனால் மக்கள்தொகை குறையும் என்கிறார்கள். உண்மைதான், ஆனால் உடனே குறையாது. சீனா 1990களின் தொடக்கத்திலேயே அந்த அளவுக்குக் கீழே வந்துவிட்டது. மொத்த எண்ணிக்கை இறங்கத் தொடங்கியதோ 2022இல். இடையில் முப்பது வருடம்! 1960களில் பிறந்த பெருங்கூட்டமும், பிறகு அவர்களுடைய பிள்ளைகளும் அடுத்தடுத்துத் தாய்மை வயதுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு பெற்றாலே இறப்பைவிடப் பிறப்பு அதிகமாக இருந்தது. தென் கொரியாவுக்கு இதே கணக்கு தலைகீழாக வரும். 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்கான குழந்தைகள் விகிதம் 0.72. அந்த வருடம் பிறந்த பெண் குழந்தைகள் தாயாகும் காலத்தில் விகிதம் இரண்டைத் தொட்டாலும், பெற்றுக்கொள்ளப் பெண்களே குறைவாகத்தான் இருப்பார்கள். குழந்தை பெற ஊக்கத்தொகை அறிவித்துவிட்டு மறு வருடமே பலனை எதிர்பார்ப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

சரி, ஆயுளுக்கு வருவோம். உலகின் சராசரி ஆயுள் 1950இல் சுமார் 46, இப்போது 73. இதில் எந்த வயது இறப்பு குறைந்தது என்பதுதான் முக்கியம். எழுபதில் போகவேண்டியவர் எண்பதுவரை இருந்தால் எண்ணிக்கை ஒருமுறை கூடும், அதோடு சரி. ஒரு வயதுக்குள் இறந்துபோயிருக்கக்கூடிய பெண் குழந்தை பிழைத்துக்கொண்டால் அவளும் கணக்கில் சேர்கிறாள், அவள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்கிறார்கள். தடுப்பூசியும் சுத்தமான குடிநீரும் செய்த வேலை இது. கடந்த நூற்றாண்டின் பெருக்கத்தை வெறும் பயமாகப் பேசுபவர்கள் இதை மறந்துவிடக்கூடாது என்று நினைக்கிறேன்.

இடப்பெயர்வின் பலம் தெரியவேண்டுமானால் ஜெர்மனியைப் பார்க்கவேண்டும். 1972 முதல் ஒவ்வொரு வருடமும் அங்கே பிறப்பைவிட இறப்பே அதிகம். 2022இல் பிறந்தவர்கள் சுமார் 7.4 லட்சம், இறந்தவர்கள் 10.7 லட்சம். ஆனால் அந்த வருடம் மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் மேல் கூடியது. உக்ரைன் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் அதில் பெரும்பங்கு.

பல்கேரியா இதற்கு நேர்மாறு. 1980களின் இறுதியில் 90 லட்சத்தை நெருங்கியிருந்த நாடு இன்று 65 லட்சத்துக்கும் கீழே. வெளியேறியவர்களில் பலர் இளைஞர்கள் என்பதால் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளும் வேறு நாடுகளின் பதிவேட்டில்தான் ஏறுகிறார்கள்.