பச்சை வட்டத்துக்குக் கீழே

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் (பூங்கா, முற்றம், தெரு போன்ற திறந்தவெளிகளின் வடிவமைப்பு) முதுநிலை படித்து முடித்து வெளியே வரும் நேரம் இது. அடுத்து சேரப்போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமானால், பிளானில் மரத்துக்குப் போடும் பச்சை வட்டத்தை நம்பாதீர்கள். அது கிளை விரிவை மட்டுமே காட்டுகிறது. வேர் அதையும் தாண்டி ஓடும், பெரும்பாலும் மேல் 60 செ.மீ. மண்ணுக்குள்ளேயே. கேபிளும் மழைநீர் வடிகாலும் போவதும் அந்த ஆழத்தில்தான். வரைபட ஷீட்டில், மண்ணுக்குள் இருப்பதை வெட்டிக் காட்டும் 1:50 அளவு செக்‌ஷன் இல்லாவிட்டால் இந்த மோதல் சைட்டில்தான் தெரியவரும். அப்போது வெட்டுப்படுவது வேர். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. ஒரு பக்க வேர் போன சாலையோர மரத்துக்கு அவ்வளவு காற்று வேண்டியதே இல்லை.

மரப் பட்டியல் எழுதும் முன் குழி தோண்டிப் பாருங்கள். 30 செ.மீ. ஆழக் குழியில் தண்ணீர் ஊற்றி, முழுக்க இறங்கியதும் மறுபடி நிரப்பி, ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். மணிக்கு 2.5 செ.மீ.கூட இறங்காவிட்டால் வடிகால் மோசம். வேளச்சேரிப் பக்கத்துக் களிமண்ணில் 1 மீட்டர் குழி வெட்டி செம்மண்ணும் எருவும் நிரப்பினால் அது தொட்டியாகிவிடும். மழைநீர் தேங்கி, காற்றில்லாமல் வேர் அழுகும். அங்கே ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும்: வேர்க்கட்டியைப் (கன்றின் வேரும் அதைச் சுற்றிய மண்ணும்) போல மூன்று மடங்கு அகலக் குழி, சற்று மேடாக நடவு. பெசன்ட் நகர் மணலில் கதை நேர்மாறு, ஊற்றிய தண்ணீர் நிற்காது. அங்கே மக்கிய எருவும், மண்ணின் மேல் சருகு பரப்பும் மூடாக்கும்தான் காப்பாற்றும்.

நர்சரிப் பையில் வட்டமாகச் சுற்றிய வேரை நடும்போதே நான்கு பக்கமும் கத்தியால் கீறிவிட வேண்டும். விட்டால் பல வருடம் கழித்து அதுவே அடிமரத்தை நெரிக்கும். தண்டு வேராக விரியும் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

லெவல் கணக்கை, அதாவது தரையின் ஏற்ற இறக்கக் கணக்கை, அலுப்பான பாடம் என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதுதான் வடிவமைப்பின் உயிர். 20 மீட்டர் முற்றத்துக்கு 1.5 சதவீதச் சரிவு என்றால் 30 செ.மீ. இறக்கம். அதைப் படியாக்கினால் இரண்டு படி. 1:12 (1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்) சக்கர நாற்காலிச் சரிவாக்கினால் 3.6 மீட்டர் நீளம். அந்த இடத்தை முதல் ஸ்கெட்ச்சிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும்.

எஸ்டிமேட்டில் கன்று விலையும் நடவுக் கூலியும் வந்துவிடும், இரண்டு கோடைக்கான தண்ணீர்ச் செலவு விட்டுப்போகும். சென்னையில் செப்டம்பர் கடைசியில் நட்டால் முதல் மூன்று மாதத்தைப் பருவமழை பார்த்துக்கொள்ளும். ஏப்ரலில் நட்டால் லாரித் தண்ணீர்தான்.