சாவி தொலைந்தால் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டியதில்லை: நான் ஐந்து நாள் அலைந்த கதை

வெள்ளிக்கிழமை சாயங்காலம். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ். காவிரிப் பாலம் தாண்டும்போது கைப்பை தோளில் இருந்தது, இறங்கும்போது இல்லை. உள்ளே இருந்த நானூறு ரூபாய் போனால் போகட்டும். வீட்டுச் சாவிக்கொத்தும், விலாசத்தோடு கூடிய ஆதார் நகலும் அதே பையில் இருந்தன. திருடனுக்கு வெற்றிலைபாக்கு வைத்து அழைத்த மாதிரி.

போலீஸ் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கான புகாரை வீட்டிலிருந்தே பதிவு செய்துவிட்டேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அது ஆவணங்களுக்குத்தான். சாவிக்கு நாம்தான் ஏதாவது செய்துகொள்ள வேண்டும். அன்று ராத்திரி மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் இரண்டையும் போட்டுவிட்டு, கதவோரம் சமையல் கேஸ் சிலிண்டரையும் நகர்த்தி வைத்தோம். பகலில் என்ன செய்வது? "நான் வீட்டில இருக்கேன்ல, நானே பூட்டுதான்" என்றார் அத்தை. எழுபத்திரண்டு வயது. அடுத்த ஐந்து நாள் அந்த வாசலை விட்டு அவர் நகரவில்லை.

முதல் தப்பு என்னுடையது. சனிக்கிழமை காலையில் வழக்கமாக வரும் ஆசாரிக்குப் போன் போட்டு "பூட்டை மாத்தணும்ணே" என்றேன். அவர் வந்து கதவைப் பார்த்தார், கைப்பிடியை இரண்டு தரம் ஆட்டினார். "பழைய செட்டும்மா. புதுசா வாங்கி வச்சிருங்க, சாயங்காலம் வந்து போட்டுத் தர்றேன்" என்று கிளம்பிவிட்டார். அளவெடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெரிய கடைவீதியில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய் "இந்த மாதிரி பூட்டுக்குச் சாவி மட்டும் மாத்த முடியுமா" என்று போட்டோவைக் காட்டினேன். கவுண்டரில் இருந்த தம்பி போட்டோவைப் பார்த்தமாதிரிகூடத் தெரியவில்லை. "தனியா வராதுக்கா, செட்டாத்தான் வரும்." கைப்பிடி, தகடு, பூட்டு எல்லாம் சேர்த்து 3,850 ரூபாய். வாங்கிவிட்டேன்.

சாயங்காலம் ஆசாரி அட்டைப்பெட்டியைப் பிரித்து, பழையதைக் கழற்றி, புதியதை வைத்துப் பார்த்தார். பள்ளத்தில் இறங்கவில்லை. கைப்பிடித் துவாரத்துக்கும் சாவித்துவாரத்துக்கும் நடுவே பழையதில் 85 மில்லிமீட்டர், புதியதில் அதைவிடக் குறைவு. தகடும் சின்னது, அதனால் பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் வெளியே தெரியும். "கொஞ்சம் உளி போட்டாச் சரியாயிடும்" என்று ஆசாரி உளியை எடுத்ததுதான் தாமதம், அத்தை எழுந்து கதவின் குறுக்கே நின்றுவிட்டார். 1996-இல் மாமா பார்த்துப் பார்த்துச் செய்த தேக்குக் கதவு. "வெள்ளி செவ்வாய் மஞ்சள் பூசுற கதவுப்பா. இதில உளி படக்கூடாது." ஆசாரி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பழைய பூட்டையே திரும்ப மாட்டி, கூலி 300 வாங்கிக்கொண்டு போனார். ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டு, தொலைந்த சாவியால் திறக்கக்கூடிய அதே பூட்டு.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. எதிர்வீட்டுப் பையன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். அவன்தான் சொன்னான்: "ஆன்ட்டி, பூட்டு வேற, சிலிண்டர் வேற. சாவி போற பாகம் மட்டும் தனியாக் கழண்டு வரும்." இதைச் சனிக்கிழமை யாராவது சொல்லியிருந்தால்!

கழற்றுவது இவ்வளவுதான். கதவைத் திறந்து வைத்து அதன் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். நாக்கு வெளியே வரும் தகட்டில், சாவித்துவாரத்துக்கு நேராக ஒரு ஸ்க்ரூ இருக்கும். நீளமானது, அதனால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது வெளியே வந்தபின் சிலிண்டரை இழுத்தால் வராது, இங்கேதான் எல்லோரும் சுத்தியலைத் தேடுவார்கள். சிலிண்டரின் நடுவில் குட்டி நாக்கு ஒன்று பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சாவியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சிலிண்டர் வழுக்கிக்கொண்டு கைக்கு வரும். எங்கள் வீட்டில் வெளியே சாவி, உள்ளே குமிழ். சாவி ஒன்றுகூட மிச்சமில்லாதவர்கள் உள்பக்கக் குமிழைத் திருப்பியே அந்த நாக்கைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஸ்கேல் வைத்து அளந்தேன், 70 மில்லிமீட்டர். எழுதிக்கொண்டு சிலிண்டரை மறுபடி மாட்டிவிட்டேன். திங்கட்கிழமை அதே கடை, அதே தம்பி. அவன் தலைக்குப் பின்னால் அட்டையில் குத்தி வரிசையாகச் சிலிண்டர்கள் தொங்குகின்றன! "தனியா வராதுன்னு சொன்னீங்களே?" என்றேன். "அது சிலிண்டர்க்கா. நீங்க பூட்டுன்னுதானே கேட்டீங்க?" இதற்கு என்ன பதில் சொல்வது? செட்டைத் திருப்பிக் கொடுத்தால் பெட்டி பிரித்தாயிற்றாம், காசு கிடையாதாம், வேறு பொருள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாமாம். 70 மில்லிமீட்டர் சிலிண்டர் 780 ரூபாய், அதை அந்தக் கணக்கிலேயே கழித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் வெளிப்பக்கம் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது, உள்பக்கம் குமிழ் தகட்டில் உரசித் திரும்பவே மாட்டேன் என்கிறது. மொத்த நீளம் சரிதான். ஆனால் இந்தச் சிலிண்டருக்கு மொத்த நீளம் மட்டும் போதாது, நடுவில் இருக்கும் ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். கடையில் இருந்தது 35, 35. எங்களுடையது வெளியே 30, உள்ளே 40, ஏனென்றால் கதவின் கனத்தில் பள்ளம் சரிபாதியில் தோண்டப்படவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பார்க்க அசிங்கம் என்பது மட்டுமல்ல. சிலிண்டர் மிகவும் மெல்லிசாக இருப்பது அந்த ஸ்க்ரூ ஓட்டை இருக்கும் இடத்தில்தான். வெளியே பிடி கிடைத்தால் குறட்டால் கவ்வி அந்த இடத்திலேயே ஒடித்துவிடலாம், சாவியே தேவையில்லை. தகட்டோடு தகடாக, கூடிப்போனால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குமேல் வெளியே தெரியாமல் இருப்பதுதான் நல்லது.

செவ்வாய்க்கிழமை வாசல் கதவில் கைவைக்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். எனக்கும் ஆபீஸில் லீவு இல்லை.

புதன்கிழமை எழுதிக்கொண்டு போகிற வேலையே வேண்டாம் என்று சிலிண்டரையே கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கதவில் விழுந்த ஓட்டையை அத்தை பழைய துணியைச் சுருட்டி அடைத்தார், எலி வருமாம். கிரில் கேட்டில் தொங்கிய திண்டுக்கல் பூட்டையும் பையில் போட்டுக்கொண்டேன், அதன் சாவியும் அந்தக் கொத்தோடுதான் போயிருந்தது. நாலு கடை ஏறி இறங்கினேன். 30, 40 அளவு எங்கேயும் இல்லை, "சொல்லி வச்சா வரும்" என்றார்கள். கடைசிக் கடைக்காரர்தான், "அதான் சிலிண்டர் நல்லா இருக்கே, தெருமுனையில சாவி போடுற பாய்கிட்டக் குடுத்துப் பாருங்க" என்றார்.

பெரிய குடை, ஒரு மரப்பெட்டி, சைக்கிள் டயர் மாதிரி வளையத்தில் நூற்றுக்கணக்கான மொட்டைச் சாவிகள், இவ்வளவுதான் பாயின் கடை. சிலிண்டரை வாங்கி மூக்கருகே வைத்து மோந்தார். "தேங்காயெண்ணெய் விட்டீங்களாம்மா?" ஆமாம், மழைக்காலத்தில் இறுகும்போதெல்லாம் விடுவோம். "அது தூசியோட சேர்ந்து பிசின் மாதிரி ஆயிடும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தத் தூளைப் போடுங்க, போதும்."

பின்பக்க வளையத்தைக் கிளப்பினார், எங்கள் வீட்டுக்காரரிடம் இருந்த பழைய சாவியைச் செருகிச் சற்றே திருப்பினார், ஒரு சின்ன இரும்புக் குழலை வைத்துப் பின்னாலிருந்து நடுத்தண்டைத் தள்ளினார். தண்டு வெளியே வர வர குழல் உள்ளே போய் அந்த இடத்தை நிரப்பியது. குழல் இல்லாமல் இழுத்தால் மேலே இருக்கும் ஸ்பிரிங்குகள் தெறித்து ரோட்டில் தேட வேண்டியதாகிவிடும் என்றார். தண்டைத் தினத்தந்தித் தாளின்மேல் கவிழ்த்தார். அரிசிமணியைவிடச் சின்னதாக ஐந்து பித்தளைக் குச்சிகள், ஒவ்வொன்றும் ஒரு நீளம். சாவியில் இருக்கும் மேடுபள்ளமெல்லாம் இந்தக் குச்சிகளின் நீளக் கணக்குத்தானாம். கறுப்புப் பிசினைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து, இரண்டை எடுத்துவிட்டுத் தன் டப்பாவிலிருந்து வேறு இரண்டு போட்டு, மீதி மூன்றையும் இடம் மாற்றி அடுக்கினார். அப்புறம் மொட்டைச் சாவியில் அரம். இரண்டு இழுப்பு, செருகிப் பார்ப்பது, மறுபடி ஒரு இழுப்பு. குச்சிகளின் தலை தண்டின் மட்டத்துக்கு வரும்வரை விடவில்லை. அதே பழைய சாவியை மறுபடி செருகச் சொன்னார். போனது, திரும்பவில்லை. ஐந்து நாளில் முதல்முறையாகச் சிரித்தேன்.

திண்டுக்கல் பூட்டைப் பார்த்ததும் பாயின் முகமே மாறிவிட்டது. சின்ன வயதில் அங்கே பட்டறையில் இருந்தவராம். "2019-ல இதுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாங்க, தெரியுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே பின்தகட்டின் ரிவெட்டுகளைத் தட்டி எடுத்தார். இதில் குச்சிகள் இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக லீவர் தகடுகள். அவற்றின் வரிசையை மாற்றி, அதற்கேற்பப் புதுச் சாவி வெட்டி, மறுபடி ரிவெட் அடித்துக் கொடுத்தார். சிலிண்டருக்கு 350, பூட்டுக்கு 250, கூடுதல் சாவிகளோடு மொத்தம் 800 ரூபாய்.

கூடுதல் சாவிகளை முதல் சாவியைப் பார்த்தே வெட்டச் சொல்லுங்கள். நகலைப் பார்த்து நகல் வெட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக அளவு தப்பும், நாலாவது சாவி மழைநாளில் மக்கர் பண்ணும். அந்த முதல் சாவியைப் புழங்காமல் பீரோவில் வைத்துவிட வேண்டும். வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். எத்தனை சாவி வெட்டினார் என்று நான் எண்ணிக்கொண்டே நின்றேன், அதற்குப் பாய் கோபித்துக்கொள்ளவில்லை. வீடு எங்கே என்று கேட்கவும் இல்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் மாட்ட ஐந்து நிமிடம். ஒரு விஷயம், கடைசி ஸ்க்ரூவை இறுக்கும்வரை கதவைத் திறந்தே வைத்திருந்து சாவியைப் பத்துத் தடவையாவது திருப்பிப் பாருங்கள். சாத்திவிட்டுச் சோதனை செய்து, நாக்கு உள்ளே மாட்டிக்கொண்டால் அப்புறம் உளியேதான்.

அத்தை தனக்கொரு சாவி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். புதுச் சிலிண்டரும் செட்டும் கடைக்கே திரும்பிப் போயின. அதற்குப் பதில் ஆறு கீல், இரண்டு தாழ்ப்பாள், கதவில் வைக்க ஒரு பார்வைக்கண்ணாடி, ஒரு டப்பா ஸ்க்ரூ எல்லாம் எடுத்தும் 640 ரூபாய்க்குத் துண்டுச்சீட்டு பாக்கி இருக்கிறது. கீல் வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்தச் சீட்டைக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.